ஒரு படி கூட்டிக் கேட்பவன்

1

அண்ணன் போய் இன்றோடு ஒரு வருஷம். ஊரில் திதி கொடுத்து, காக்கைக்குச் சோறு வைத்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கைகழுவிப் போயிருப்பார்கள். நான் இங்கே அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு, சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளியே பனி உருகிச் சேறும் சகதியுமாகக் கிடக்கிறது. இங்கேயும் காக்கை உண்டு. ஆனால் கூப்பிட்டால் வராது. பின்வாசலில் நின்று ‘கா கா’ என்று நான் கத்தினால் பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார். சத்தம் போடாமல் ஒரு கைப்பிடி சோற்றை வேலி ஓரமாக வைத்தேன். அணில் தின்றுவிட்டுப் போனது.

கனடாவில் எந்த ஊர் என்று கேட்காதீர்கள், பேரைச் சொன்னாலே உங்களுக்குக் குளிரும். எனக்குச் சொந்த ஊர் சின்ன காஞ்சிபுரம். இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் ‘எங்க ஊரு’ என்று சொன்னால் என் வாயில் வருவது அதுதான்.

காலையில் அண்ணி போன் பண்ணினார். ஒரு வருஷமாக மனசுக்குள் வைத்திருந்த ஒன்றைச் சொன்னார். அதை இப்போதே சொன்னால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. முதலில் என் பிழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், அப்புறம் அண்ணனைப் பற்றி.

2

நான் வேலை பார்ப்பது இங்குள்ள ஒரு மாகாண அரசின் நிதித் துறையில். எங்கள் பிரிவு செய்வதற்குத் தமிழில் ‘நிலைப்படுத்தல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் மிரட்டும். எங்கள் ஊர்ப் பக்கத்துத் தாமல் ஏரியைப் பார்த்தவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. மழை கொட்டுகிற வருஷம் ஏரி வாங்கி வைத்துக்கொள்ளும். காய்கிற வருஷம் மதகைக் கொஞ்சமாகத் திறந்து விடுவார்கள். அரசு செய்வதும் இதையேதான். வரவு நன்றாக இருக்கும்போது ஒதுக்கி வைக்கும். விலை விழுந்து, ஜனங்களுக்கு வேலை போய், வரி குறைந்துபோனால் அதிலிருந்து எடுத்துச் செலவழிக்கும். பள்ளிக்கூடத்தை மூட வேண்டாம், ஆஸ்பத்திரியில் ஆளைக் குறைக்க வேண்டாம். அடி விழத்தான் செய்யும். விழுந்த அடி அப்படியே ஜனங்கள் முதுகில் போய் இறங்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

பணத்துக்கு மட்டும் மதகு வைத்தால் போதாது, சொல்லுக்கும் வைக்க வேண்டும். நிலைமை மோசம் என்று அரசாங்கமே அலறினால் இருக்கிற நிலைமையும் கெட்டுவிடும். அதனால் இந்தத் தொழிலில் ஒரு பாஷை உண்டு. ‘சரிவு’ என்பதை ‘சற்றே மந்தம்’ என்று எழுதுவோம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜனங்கள் ஏமாளிகள் இல்லை. சில வருஷம் ‘சற்றே மந்தம்’ என்று படித்து, பிறகு பட்டுத் தெரிந்துகொண்டவர்கள், அடுத்த முறை தாங்களாகவே ஒரு படி கூட்டிப் படிப்பார்கள். பிறகு ஒரு வருஷம் நிஜமாகவே சற்றே மந்தமாக இருந்து, அப்படியே உள்ளதை எழுதினாலும், ‘போச்சுடா, எல்லாம் போச்சு’ என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இதற்குப் பொருளாதாரத்தில் பக்கம் பக்கமாகச் சமன்பாடுகள் இருக்கின்றன.

நான் அதைப் படித்தது பின்னால். முதலில் பார்த்தது ஊரில்தான். அண்ணன் ஒரு பட்டு நெசவாளர் சங்கத்தில் கிடங்குப் பொறுப்பில் இருந்தார். வெளியே பட்டு நூல் விலை ஏறினால், சங்கம் கையிருப்பில் இருப்பதைப் பழைய விலைக்கே கொடுத்துச் சமாளிக்கும். ‘நூல் விலை ஏறாது, யாரும் பதற வேண்டாம்’ என்று வாசல் பலகையில் அண்ணன் கையாலேயே எழுதுவார். மறுநாள் காலை கதவு திறக்கும் முன்னால் தெருமுனை வரை கூட்டம் நிற்கும்.

“ஏறாதுன்னு எழுதினா, ஏறப் போவுதுன்னு படிக்கிறானுங்கடா. நான் என்னாத்த எழுதட்டும் சொல்லு?” என்று தலையில் அடித்துக்கொள்வார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

3

சங்கத்து வேலை வயிற்றுக்கு. அண்ணனுக்கு உயிர் என்றால் சாமி தூக்குவதுதான். அவர் ஒரு ஸ்ரீபாதம் தாங்கி. உற்சவத்தில் பெருமாளின் வாகனத்தைத் தண்டு பிடித்துத் தோளில் சுமப்பவர்களுக்கு அந்தப் பெயர்.

பார்ப்பதற்குப் பெருமாள் தண்ணீரில் மிதந்து வருவதுபோல இருக்கும். கீழே போய்ப் பார்த்தால்தான் பாடு தெரியும். தூக்குகிற அத்தனை பேரும் ஒரே உயரமாகவா இருப்பார்கள்? குட்டையாக இருப்பவன் துண்டை நாலாக மடித்துத் தோளில் வைத்து உயரத்தைச் சரிக்கட்டுவான். நெட்டையாக இருப்பவன் முழங்காலை மடக்கி நடப்பான். மடக்காவிட்டால் பாரம் எல்லாம் அவன் தோளில் ஏறிவிடும், வாகனமும் சாயும். அண்ணன் நல்ல உயரம். ஆகவே, அத்தனை வீதியும் முழங்காலை மடக்கியேதான் நடப்பார். வீட்டுக்கு வந்தால் கால் இரண்டும் நடுங்கும். அண்ணி ஒத்தடம் கொடுப்பார்.

“கீழ எவ்ளோ ஆட்டம் இருந்தாலும் மேல ஆடக் கூடாதுடா. சாமி ஆடினா ஜனங்க பயந்துடும். நம்ம கால் ஆடினா எவன் பாக்கப் போறான்?” என்பார்.

நான் இங்கே வந்த இரண்டாவது குளிர்காலத்தில் அம்மா இறந்துபோனாள். அண்ணன் ஆஸ்பத்திரியில் ஓடிக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டுக்காரர் ஒருவர் நல்லெண்ணத்தில் எனக்குப் போன் பண்ணிவிட்டார். “உங்கம்மா செத்துட்டாங்கபா. இப்பத்தான்.” அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை, வாடகை அறையில் தனியாக இருந்தேன். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் சட்டையோடு தெருவில் இறங்கி நடந்திருக்கிறேன். கோட்டு இல்லை, கையுறை இல்லை. யாரோ புண்ணியவான் காரை நிறுத்தி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தான். என் இடது கை சுண்டுவிரல் நுனியில் இன்றைக்கும் சுரணை கிடையாது.

அது தெரிந்ததும் அண்ணன் தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாராம். “இனிமே எவனும் நேரா அவன்கிட்ட பேசக் கூடாது. எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க. எப்டி சொல்லணுமோ நான் சொல்லிக்கிறேன்.” அன்றைக்கு எனக்காக முழங்காலை மடக்கியவர்தான், ரொம்ப வருஷத்துக்கு நிமிரவே இல்லை.

4

அதிலிருந்து ஊர்ச் செய்தி எல்லாம் எனக்கு ஒரு படி குறைத்தே வந்தது.

“அப்பாக்கு லேசா தலைசுத்தல்” என்றால் வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். “வீட்டுல கொஞ்சம் தண்ணி வந்துச்சுபா” என்று சொன்ன மழை வருஷத்தில் அரிசி டிரம் கூடத்தில் மிதந்திருக்கிறது. “அண்ணிக்கு சின்னதா ஒரு ஆபரேஷன்” என்றார். கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். நான் ஒவ்வொரு முறையும் ஊருக்குப் போய் நேரில் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நானும் ஒரு படி கூட்டிக் கேட்கப் பழகிவிட்டேன். அண்ணன் குறைப்பார், நான் கூட்டிக்கொள்வேன், கணக்கு சரியாகப் போய்விடும். நடுவில் இருவரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றுவதாக நினைக்கவேயில்லை. அதற்குப் பெயர் பாசம் என்றுதான் இருவருமே நினைத்திருந்தோம். அது பாசம்தான், இன்றைக்கும் நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அப்பா விஷயத்தில் நடந்தது இது. அண்ணன் போன் பண்ணினார். “அப்பாவ ஐசியூல வச்சிருக்காங்கடா. உன்னப் பாக்கணும்னு சொல்றாரு. கிளம்பி வா.” அடித்துப்பிடித்துக்கொண்டு போனேன். வாசலில் பந்தல். அந்தப் போன் வந்தபோதே அப்பா போயிருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவு தூரமும் விமானத்தில் அழாமல், கொடுத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்ததற்கு அந்தப் பொய்தான் காரணம். ‘அண்ணனைப்போல யாருக்குச் சொல்லத் தெரியும்’ என்றுகூட நினைத்தேன். அந்தச் சொற்கள் மட்டும் மனசில் அப்படியே தங்கிவிட்டன.

5

போன வருஷம் இதே பனி உருகும் காலம். காலையில் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். என் மனைவி மருந்துக்கடை வேலைக்கு அதிகாலையிலேயே போய்விட்டாள். மகள் மதுரா வேறு ஊரில் காலேஜில். வீட்டில் நான் மட்டும்தான். அண்ணியிடமிருந்து போன் வந்தது.

“தம்பி, அண்ணன ஐசியூல வச்சிருக்காங்க. உங்களப் பாக்கணும்னு சொல்றாரு. கிளம்பி வாங்க.”

அதே சொற்கள். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. எனக்கு மேற்கொண்டு கேட்க என்ன இருக்கிறது? அண்ணன் போய்விட்டார் என்று புரிந்துகொண்டேன்.

“சரி அண்ணி. வரேன். நீங்க தைரியமா இருங்க” என்றேன்.

அவர் போனை வைக்கவில்லை. மூச்சு விடும் சத்தம் கேட்டது. “வேற எதுனா கேக்கணுமா தம்பி?” என்றார்.

“இல்ல அண்ணி. நீங்க போய் ஆக வேண்டியதப் பாருங்க.”

‘போனை அண்ணன்கிட்ட குடுங்க’ என்று கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் அவர் என்ன செய்வார்? ‘தூங்குறாரு’ என்று இன்னொரு பொய் சொல்ல வேண்டி வரும். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, என் மனசு நோகக் கூடாது என்று குரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுஷியை இன்னும் சோதிக்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன்.

போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனேன். வெந்நீர்க் குழாயைத் தொடவில்லை. சாவுச் செய்தி கேட்டால் எங்கள் வீட்டில் எப்படிச் செய்வார்களோ அப்படி, பச்சைத் தண்ணீரில் தலை முழுகினேன். பனித் தண்ணீர், உச்சி மண்டை விறைத்தது. அப்புறம் ஈரத்தோடு தரையில் உட்கார்ந்து, ‘அண்ணா, அண்ணா’ என்று வாய்விட்டு அழுதேன். மனைவி வருவதற்குள் தலை காய்ந்துவிட்டது. குளித்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. இதோ, இங்கே எழுதுவதுதான் முதல் தடவை.

பிறகு லீவுக்கு எழுதினேன். துக்க விடுப்பு கேட்டால், கம்ப்யூட்டர் திரையில் உறவு என்ன, இறந்த தேதி என்ன என்று கேட்கும். உறவு: சகோதரர். தேதி: அன்றைய தேதியைப் போட்டேன். டிக்கெட் பார்த்தேன். அன்றைக்கே கிளம்புகிற விமானம் ஒன்று இருந்தது. ஓடிப் பிடித்திருந்தால் பிடித்திருக்கலாம். மறுநாள் கிளம்புவதைப் போட்டேன். போனவர் முகத்தைப் பார்க்கத்தானே போகிறோம், பெட்டியில் வைத்துக் காத்திருப்பார்கள், அவசரம் என்ன என்று நினைத்தேன். இந்த வரியை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று உங்களுக்குத் தெரியாது.

6

விமானம் இறங்கி, டாக்சி பிடித்து, ஸ்ரீபெரும்புதூர் தாண்டிக் காஞ்சிபுரத்துக்குள் நுழைந்தபோது நல்ல வெயில். எங்கள் தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள், வாசலில் நாற்காலிகள். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அண்ணன். நான் நினைத்தபடியேதான் எல்லாம் இருந்தது. அழுது ஓய்ந்தபின் அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“விடியக்காலைலதான் தம்பி போனாரு” என்றார்.

“எந்த விடியக்காலை?”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “இன்னிக்குத்தான். நேத்து சாயந்திரம்கூட காபி கேட்டாரே. டாக்டர் ஒரு வாய் குடுக்கலாம்னாரு, குடுத்தேன்.”

நான் விரலை மடக்கி நாளை எண்ணிப் பார்த்தேன்.

அண்ணி சொல்லிக்கொண்டே போனார். ஐசியூவுக்குள் போகும்போது அண்ணன் அவர் கையைப் பிடித்து, “இந்த வாட்டி தம்பிகிட்ட எதையும் மடக்காத. உள்ளத உள்ளபடியே சொல்லு” என்றாராம். அண்ணியும் உள்ளதை உள்ளபடியேதான் சொல்லியிருக்கிறார். ஐசியூவில் இருந்தது உண்மை. என்னைப் பார்க்க வேண்டும் என்று சொன்னதும் உண்மை.

“நீங்க போன் பண்ணா காதுல வைக்கிறேன்னு அந்த நர்ஸ் பொண்ணு ஒத்துக்கினு இருந்துச்சு. நீங்களா கேப்பீங்கன்னு பாத்தேன். அப்பறம் நானே பண்ணலாம்னா, ஒடனே கிளம்பி இருப்பீங்க, பிளேன்ல இருப்பீங்க, எங்க கிடைக்கப் போறீங்கன்னு உட்டுட்டேன்.”

நான் அப்போது பிளேனில் இல்லை. என் வீட்டுத் தரையில் அண்ணனுக்காக அழுதுகொண்டிருந்தேன். ஐயோ, அவர் அங்கே கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார், நான் இங்கே அவருக்குத் தலை முழுகியிருக்கிறேன்!

சாமி தூக்குகிறவர்கள்தான் அவரையும் தூக்கினார்கள். நானும் ஒரு மூலையில் தோள் கொடுத்தேன். அவர்கள் அத்தனை பேரும் ஒன்றாகக் கால் எடுத்து வைத்தார்கள், எனக்குத்தான் ஒத்துவரவில்லை. என் மூலை தாழ்ந்து பாடை சாய்ந்தது. பின்னாலிருந்து ஒருவர், “அவரு தோள்ல ஒரு துண்டு மடிச்சு வைங்கப்பா, அண்ணன் ஆடக் கூடாது” என்றார். யாரோ துண்டை வைத்தார்கள். அப்புறம் ஆடவில்லை.

7

திரும்பி வந்ததும் இங்கே விடுப்புப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். அந்தப் பெண் ரொம்ப நல்லவள். இறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டாள். நீங்கள் விடுப்பு கேட்ட அன்று உங்கள் அண்ணன் உயிரோடு இருந்திருக்கிறாரே?

ஆமாம் என்றேன்.

அப்படியானால் அவர் இறந்துவிட்டதாக உங்களிடம் யார் சொன்னார்கள்?

யாரும் சொல்லவில்லை என்றேன்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் ஊரில் சாவை நேராகச் சொல்ல மாட்டோம், ஒரு படி குறைத்துத்தான் சொல்வோம் என்று ஆரம்பித்தேன். இருபது வருஷமாக இந்தப் பாஷையில்தான் சம்பாதிக்கிறேன். அன்றைக்கு நாலு வாக்கியம் ஒழுங்காக வரவில்லை. காலம் எல்லாம் குழம்பி, ‘இறந்துவிட்டார்’ என்பதும் ‘இறக்கப் போகிறார்’ என்பதும் வாயில் மாறி மாறி வந்தன. அவள் என்ன நினைத்தாளோ, தேதியைத் தானே திருத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

மதுரா விஷயம் வேறு. இங்கே பிறந்து வளர்ந்தவள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் ‘ஃபைன்’ என்று ஒரு வார்த்தையில் பதில் போடுவாள். நான் விட மாட்டேன். சாப்பிட்டாயா, காய்ச்சலா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று குடைவேன். “அப்பா, ஃபைன்னா ஃபைன்தான். ஏன் இப்டி பண்றீங்க?” என்று எரிந்துவிழுவாள். வர வர அவள் போன் பண்ணுவதே குறைந்துவிட்டது. அண்ணன் விஷயத்தை அவளிடம் ஒருநாள் அரையும் குறையுமாகச் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“ஏன்பா பெரியப்பாகிட்ட போன் குடுங்கன்னு சொல்லல?”

ஒரு வார்த்தையில் சொல்கிற பதிலா அது?

8

இன்று காலை அண்ணி பேசினார் என்றேன் அல்லவா. திதி நன்றாக நடந்தது, எத்தனை பேர் சாப்பிட்டார்கள், சாம்பாரில் உப்பு தூக்கல் என்றெல்லாம் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு விசயம் உங்ககிட்ட சொல்லல தம்பி. வருசம் முடியட்டும்னு இருந்தேன்.”

“சொல்லுங்க அண்ணி.”

“போறதுக்கு மொத நாள், நான் உள்ள போனப்ப கேட்டாரு. ‘தம்பி போன் பண்ணானா?’ன்னாரு. எனக்கு மனசு கேக்கல. பண்ணாரு, நீங்க தூங்கினு இருந்தீங்க, எழுப்ப வேணாம்னு சொல்லிட்டாருன்னேன். பொய்தான். வேற என்னாத்த சொல்லச் சொல்றீங்க?”

“அண்ணன் என்ன சொன்னாரு?”

“சிரிச்சாரு தம்பி. மாஸ்க்குக்குள்ளயே சிரிச்சாரு. அவருகிட்டயே நான் மடக்கிப் பாத்தா நடக்குமா? ‘பண்ணி இருக்க மாட்டான். நீ ஐசியூன்னு சொன்னவொடனே அவன் தலைக்கு ஊத்திக்கினு உக்காந்து அழுதுக்கினு இருப்பான் பாரு, பைத்தியக்காரன். நான் பழக்கினதுதானே’ன்னாரு. அப்பறம், ‘வந்தா எதுவும் கேக்காத, மொதல்ல சோறு போடு’ன்னாரு.”

நான் ஈரத் தலையோடு தரையில் உட்கார்ந்திருந்ததை அங்கே கட்டிலில் படுத்தபடி அண்ணன் பார்த்திருக்கிறார்.

போனை வைத்ததும் வழக்கப்படி மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. அண்ணி எனக்காக ஒரு படி குறைத்துச் சொல்கிறாரோ? அண்ணன் சிரிக்கவே இல்லையோ? சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாரோ? நான் நொந்துகொள்ளக் கூடாது என்று அண்ணி இப்படி ஒன்றைக் கட்டிச் சொல்கிறாரோ? இத்தனை வருஷத்துப் பழக்கம், சுலபத்தில் விடாது.

ஆனால் நான் குளித்தது அண்ணிக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அவரால் அதைக் கட்டிச் சொல்லியிருக்க முடியாது. அது அண்ணன் வாயிலிருந்து வந்ததுதான். கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை, குறைப்பதற்கும் ஒன்றும் இல்லை. அவர் உயிரோடு இருந்திருக்கிறார். நான் அவருக்குத் தலை முழுகியதை நினைத்துச் சிரித்திருக்கிறார்.